உரல் பிளக்கும் வெயிலில் ஒரு பூங்கொடி

தெலுங்கு நாட்டுக் குடியானவர்கள் மாதங்களைக் கொண்டு மட்டும் காலத்தை அளப்பதில்லை. சூரியன் எந்த நட்சத்திரத்தில் சஞ்சரிக்கிறானோ அந்த நட்சத்திரத்தின் பெயரால் அமைந்த கார்த்தி என்னும் பதின்மூன்று பதினான்கு நாட் பகுப்புகளைக் கொண்டே உழவையும் விதைப்பையும் அவர்கள் நிர்ணயிக்கிறார்கள். அவற்றுள் மே மாதக் கடைசி வாரத்தில் தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை நீளும் ரோகிணிக் கார்த்தியைப் பற்றி, அந்த வெயிலில் கல்லுரலும் பிளந்துவிடும் என்று ஒரு பழமொழி அவர்களிடையே வழங்குகிறது. ஹைதராபாத்தில் ஒரு கோடையைக் கழித்தவர் எவரும் அதை மிகையென்று தள்ளிவிட மாட்டார். பாறைகளெல்லாம் பகல் முழுதும் வெப்பத்தைக் குடித்து இரவெல்லாம் அதை உமிழ்ந்துகொண்டிருக்கிற அந்த நாட்களில், புல் காய்ந்து, குளங்கள் வற்றி, மனிதர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே முடங்கிக் கிடக்கும் நடுப்பகலில், மாரேட்பள்ளியிலும் பத்மாராவ் நகரிலும் பழைய வீடுகளின் மதிற்சுவர்கள்மீது காகிதப்பூக் கொடிகள் இலை தெரியாதபடி பூத்துச் சொரிந்திருப்பதையும், அதே வீடுகளின் முற்றத்துப் பந்தலில் அன்று மாலை மலர்வதற்காக மல்லிகை மொட்டுகள் திரண்டு நிற்பதையும் காண்பவர், இந்தத் தாவரங்கள் வறட்சியைச் சகித்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை, அதிலிருந்தே தங்கள் புஷ்பிப்புக்குரிய சக்தியைப் பெறுகின்றன என்பதை உணர்வார். தக்காணத்துத் தோட்டக்கலையின் மர்மம் இதில்தான் அடங்கியிருக்கிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இந்த நகரம் தோட்டங்களின் பெயரைத் தாங்கியே பிறந்தது. குதுப்ஷாஹி வம்சத்து முகம்மது குலி குதுப் ஷா 1591-ஆம் ஆண்டு சார்மினாரை நடுநாயகமாக வைத்து மூசி நதியின் தென்கரையில் எழுப்பிய இந்தப் பட்டணத்தைப் பதினேழாம் நூற்றாண்டில் வந்த ஐரோப்பிய யாத்திரிகர்கள் பாக்நகர், அதாவது தோட்ட நகரம், என்றே குறித்துவைத்தார்கள். கோல்கொண்டாவின் வைரங்களை நாடிப் பலமுறை இந்தியாவுக்கு வந்த பிரெஞ்சு வணிகர் ழான் பாப்டிஸ்ட் தவெர்னியே, அரண்மனையின் மேல்தளங்களில் தோட்டங்கள் இருந்தனவென்றும், அங்கே வளர்ந்திருந்த மரங்கள் மிகப் பெரியனவாகையால் கீழேயுள்ள வளைவுகள் அவ்வளவு பாரத்தை எவ்வாறு தாங்குகின்றன என்று வியக்க வேண்டியிருந்ததென்றும் எழுதியிருக்கிறார். இன்று மாடித் தோட்டம் என்பதை ஒரு நூதனமான நாகரிகமாக நாம் பேசிக்கொண்டிருக்கையில், முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வூர்ச் சிற்பிகள் விருட்சங்களை மாடியில் ஏற்றிவைத்திருந்தார்கள் என்பதை எண்ணும்போது மனம் பெருமிதம் கொள்கிறது. பஷீர்பாக், ஜாம்பாக், சீதாராம்பாக், பாக் லிங்கம்பள்ளி என்று நகரெங்கும் சிதறிக் கிடக்கும் பேட்டைப் பெயர்கள் அக்காலத்து உத்தியான வனங்களின் எச்சங்களே. 1846-இல் அமைக்கப்பட்ட நாம்பள்ளியின் பாக்-எ-ஆம், அதாவது பொதுஜனத் தோட்டம், இன்றும் காலை நேரத்தில் நடைப்பயிற்சிக்கு வருவோரால் நிறைந்திருக்கிறது. கோல்கொண்டாவின் நயா கிலா பகுதியில் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது குதுப்ஷாஹி காலத்துத் தோட்டமொன்றின் நீர்க்கால்களும் சுடுமண் குழாய்களும் வெளிப்பட்டன. அதன் அருகிலேயே, ஆப்பிரிக்காவிலிருந்து என்றோ கொணர்ந்து நடப்பட்ட ஒரு மாபெரும் பாவோபாப் மரம், இருபத்தேழு மீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவுடன், ஹத்தியான் கா ஜாட் என்னும் பெயரோடு நின்றுகொண்டிருக்கிறது. அழகுக்காகவும் அபூர்வத்துக்காகவும் அன்னிய தேசத்துத் தாவரங்களை வரவழைத்து வளர்க்கும் ஆசை இவ்வூருக்குப் புதிதன்று.

ஆயினும் அந்தத் தோட்டங்கள் யாவும் ஏரியையும் ஆற்றையும் நீர்க்காலையும் நம்பி எழுந்தவை. இன்று ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது வீட்டின் முன்னே பத்தடி நிலம், அல்லது கிழக்கையோ மேற்கையோ நோக்கிய ஒரு பால்கனி, அல்லது மொட்டை மாடியில் ஒரு மூலை. தரையில் படர இடமில்லாத ஒரு நகரத்தில் மேலே ஏறிச் செல்லும் கொடியே ஏழை எளியவருக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் உரிய தோட்டமாகிறது. ஒரு சதுர அடி மண் கிடைத்தால் போதும், ஒரு கொடி இருபதடி சுவரை மூடிவிடும். மேற்குச் சுவரில் விழும் பிற்பகல் வெயிலைத் தான் வாங்கிக்கொண்டு உள்ளறையைக் குளிரச் செய்யும். தேன்சிட்டு கூடு கட்ட இடம் கொடுக்கும். இத்தனை உபகாரத்தையும் அது செய்யவேண்டுமானால் அதற்கு நாம் செய்யவேண்டிய முதற் காரியம், அதன் காலடியில் என்ன இருக்கிறது என்பதை அறிந்துகொள்வதாகும்.

கடல்மட்டத்துக்கு 500 மீட்டருக்கும் மேலே அமைந்த இந்தப் பீடபூமியின் அடித்தளம், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கருங்கற்பாறை. அது காலப்போக்கில் உதிர்ந்து பொடிந்த சரளையை இவ்வூரில் மொரம் என்பார்கள். வீடு கட்டுவோர் மனையை மேடாக்க லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டித் திமிசு போட்டு இறுக்குவதும் அதைத்தான். புதிய வீட்டின் வாசலில் மண்வெட்டியைப் போட்டால் அது ணங்கென்று ஒலித்துத் திரும்பிவிடும். அங்கே ஓரடிப் பள்ளம் பறித்து, நர்சரியிலிருந்து வாங்கிய செடியை வைத்து, தினமும் இரண்டு வேளை நீர் ஊற்றுகிறவர், மொரத்தின் நடுவே ஒரு கிண்ணத்தைக் குடைந்து அதில் செடியின் வேரை மூழ்கடிக்கிறார் என்பதே உண்மை. கடப்பாரையால் இரண்டடி ஆழமும் இரண்டடி அகலமும் குழி தோண்டி, அதன் பக்கங்களையும் அடியையும் பாறை விரிசல் தெரியும்வரை இளக்கி, ஒரு குடம் நீர் ஊற்றிப் பார்க்கவேண்டும். அந்த நீர் மறுநாளும் நின்றால் அந்த இடம் கொடிக்கு உகந்ததன்று. வேறிடம் பார்ப்பதோ, தரைக்கு மேலே கல் அடுக்கி மேடை கட்டுவதோ உத்தமம். நீர் இறங்கிவிட்டால், செம்மண் இரண்டு பங்கும் மக்கிய தொழுவுரம் ஒரு பங்கும் ஆற்று மணல் ஒரு பங்குமாகக் கலந்து, இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்த்துக் குழியை நிரப்பி, ஒரு மழை பெய்து மண் அமிழ்ந்த பின் நடலாம். இவ்வூர்ச் செம்மண்ணில் தழைச்சத்தும் மக்கும் குறைவு. ஆகையால் ஆண்டுக்கு இருமுறை எருவிடுவதை எக்காரணம் கொண்டும் தவறவிடலாகாது. மனையில் இயற்கையாகவே ஒரு பாறை எழுந்து நின்றால், தயவுசெய்து அதை வெடி வைத்துத் தகர்த்துவிடாதீர்கள். இந்நகரத்துப் பாறைகளைக் காப்பதற்கென்றே 1996-இல் ஒரு சங்கம் தோன்றவேண்டிய அளவுக்கு அவை அழிந்துகொண்டிருக்கின்றன. பாறையின் நிழற்பக்கத்தில் ஈரம் நெடுநாள் தங்குமாகையால், அதன் அடியில் நட்ட கொடி மற்ற இடத்துக் கொடியைக் காட்டிலும் செழித்து அதன்மீது ஏறிப் படரும்.

மண்ணுக்கு அடுத்தது காலம். இதில்தான் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களாகிய நாம் விசேஷ கவனம் செலுத்தவேண்டியிருக்கிறது. நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806-இல் செகந்திராபாத் படைப்பாசறை அமைந்த காலந்தொட்டு, சென்னைப் படையைப் பின்தொடர்ந்து தமிழ்க் குடும்பங்கள் இங்கே வந்து நிலைபெற்றன. சோமசுந்தர முதலியார் 1862-இல் நிறுவிய பள்ளியே பின்னாளில் மகபூப் கல்லூரியாக வளர்ந்தது. பத்மாராவ் நகரின் ஸ்கந்தகிரியில் முருகன் கோயில் கொண்டிருக்கிறான். அந்தக் குடும்பங்கள் பூஜைக்கென்று நந்தியாவட்டையும் பவளமல்லியும் செம்பருத்தியும், கூந்தலுக்கென்று மல்லிகையும் முல்லையும் கனகாம்பரமும் தங்கள் கொல்லைப்புறங்களில் வளர்த்து வந்தார்கள். ஆனால் நம் நினைவில் ஊறியிருக்கும் பருவக் கணக்கு சோழமண்டலக் கரையினுடையது. ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பெய்யும், மார்கழியில் மண் ஈரமாயிருக்கும், காற்றில் எப்போதும் கடலின் ஈரப்பசை இருக்கும் என்ற நம்பிக்கையில் உருவான வழக்கங்கள் அவை. ஹைதராபாத்தில் ஆண்டுக்குப் பெய்யும் ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழையில் முக்கால் பங்கு ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். ஐப்பசி பிறக்கையில் இங்கே வானம் வெளுத்துவிடுகிறது. மார்கழியில் விடியற்காலைக் குளிர் சில நாட்களில் பத்துப் பாகைக்கு அருகே இறங்குகிறது. பங்குனி தொடங்கி வைகாசி முடியக் காற்றில் ஈரப்பசையே இருப்பதில்லை. ஆகவே நடுவதற்குரிய காலம் ரோகிணிக்கு அடுத்த மிருகசீரிஷக் கார்த்தி, அதாவது ஜூன் 8-ஆம் தேதியை ஒட்டி முதல் மழை மண்ணை நனைக்கும் வேளை. அப்போது வைத்த செடிக்கு நான்கு மாதத்து மழையும், அதன்பின் நான்கு மாதத்து மிதமான சீதோஷ்ணமும் கிடைத்து, அடுத்த கோடை வருவதற்குள் அதன் வேர் பாறை விரிசல் வரை இறங்கிவிடும். பிப்ரவரியில் நர்சரிகள் பூத்துக் குலுங்குகையில் ஆசைப்பட்டு வாங்கி நடுகிற செடி, வேர் ஊன்றுவதற்குள் கோடையில் அகப்பட்டுக்கொள்கிறது.

கொடிகளுக்குள்ளே இவ்வூருக்கென்றே படைக்கப்பட்டதோ என்று எண்ணத்தக்கது காகிதப்பூ. ஆனால் அதன் ஜன்மபூமி தென் அமெரிக்கா. 1767-இல், உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் பூகன்வீலின் கப்பல்கள் ரியோ டி ஜெனீரோவில் தங்கியிருந்தபோது, அப்பயணத்தில் உடன்வந்த தாவர சாஸ்திரி ஃபிலிபேர் கொமெர்சோன் இதைச் சேகரித்துத் தம் தலைவரின் பெயரை இதற்குச் சூட்டினார். பெண்களைப் போர்க்கப்பலில் ஏற்றலாகாது என்ற விதியிருந்த அந்நாளில், ஆண் வேடம் பூண்டு அவருக்கு உதவியாளாகச் சென்று, மலையும் காடும் ஏறிச் செடிகளைச் சேகரித்துச் சுமந்த ஜான் பாரே என்னும் பெண்மணியே உலகை வலம்வந்த முதற் பெண்ணாக இன்று அறியப்படுகிறார். நம் வாசலில் காகிதப்பூ பூக்கும்போதெல்லாம் அந்த அம்மையாரை நினைத்துக்கொள்வது நியாயமென்று எனக்குத் தோன்றுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவை அடைந்த இந்தக் கொடி, இங்கே பல புதிய வகைகளையும் ஈன்றது. ஒரே கிளையில் வெள்ளையும் ஊதா கலந்த சிவப்புமாகப் பூக்கும் மேரி பாமர் என்ற வகை, கல்கத்தாவில் தற்செயலாக ஒரு கிளையில் தோன்றிய மாறுதலைப் பதிவைத்துப் பெருக்கியதனால் கிடைத்தது.

நாம் பூவென்று கருதும் வண்ண மடல்கள் உண்மையில் பூவைச் சூழ்ந்த மூன்று இலைகளே. அவற்றின் நடுவிலுள்ள சிறு வெண்குழல்தான் மலர். இலையே வண்ணம் பூணுவதால்தான் அவை வெயிலில் வதங்காமல் வாரக்கணக்கில் நிற்கின்றன. இந்தக் கொடிக்கு நிறைய நீரும் தழைச்சத்தும் கொடுத்தால் அது முள்ளும் இலையுமாகக் காடுபோல் வளர்ந்து பூக்காமல் ஏமாற்றிவிடும். கோடைப் பூப்பு முடிந்ததும், ஜூனில் அதை நன்றாகக் கவாத்து செய்து எருவிட்டுவிட்டால், மழைக்காலத்தில் புதுத் தளிர்கள் நீண்டு வளரும். மழை ஓய்ந்த பின், இலைகள் சற்றுத் துவளும்வரை நீர் ஊற்றாமல் வைத்திருந்து, பிறகு கொஞ்சமாக ஊற்ற வேண்டும். தொட்டியில் வளர்ப்போர் இதை இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கவேண்டும். செடி துவள்வதைக் கண்டு மனம் பொறுக்காமல் நீர் வார்ப்பவர்களின் வீட்டில்தான் பூக்காத காகிதப்பூ இருக்கும். நாள்தோறும் ஐந்தாறு மணி நேரமாவது வெயில் விழாத இடத்தில் இதை வைப்பது வீண் பிரயாசை.

மல்லிகையும் ஓய்வை வேண்டும் தாவரமே. நம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் கவாத்து செய்யவேண்டுமென்று தமிழ்நாட்டுக்குச் சொல்கிறார்கள். பனிக்குளிர் மிகுந்த தெலங்கானாவிலோ, கார்த்திகை மார்கழியில் நீரை நிறுத்திச் செடியை உறங்கவிட்டு, சங்கராந்தியை ஒட்டிக் கத்தரிப்பதே வழக்கமாக இருக்கிறது. கத்தரித்த பின் பழைய இலைகளை உருவிவிட்டு, வேரைச் சுற்றி மண்ணைக் கொத்தி, சில நாட்கள் வெயில் படவிட்டு, எருவும் மண்ணும் அணைத்து நீர் பாய்ச்சினால், மாசி பங்குனியில் வெளிவரும் ஒவ்வொரு புதுத் தளிரின் நுனியிலும் மொட்டு இருக்கும். மல்லிகை நாற்று வேண்டுமென்போர், இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடம் வட்டாரத்து மணற்பாங்கான நிலத்தில் வேர்விடச் செய்து நாடெங்கும் அனுப்பப்படும் குச்சிகளையே கேட்டு வாங்குவது நலம். கூந்தலில் சூடுவதற்கு மிஞ்சிப் பூ கிடைக்கும் நாட்களில், குடிமல்காபூர்ப் பூச்சந்தையின் விலையைப் பற்றி அந்த வீட்டாருக்கு யாதொரு கவலையும் இருப்பதில்லை.

இங்கே மல்லிகைக்கு நேரும் பெரிய வியாதி ஒன்றுண்டு: தளிர் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்றப் பகுதி வெளிறி மஞ்சளாகிவிடும். பூச்சியென்று மருந்தடித்துப் பிரயோஜனமில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்பும் உப்பும் மண்ணில் சேரச்சேர, மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாமற்போகிறது. லிட்டருக்கு 5 கிராம் வீதம் இரும்பு சல்பேட்டைக் கரைத்து, மாதம் ஒருமுறை இலைகளின்மேல் தெளித்து வந்தால் நிறம் திரும்பும். அதைவிட நிலையான பரிகாரம், மழைநீரைத் தொட்டிகளில் பிடித்துவைத்துச் செடிகளுக்கென்றே ஒதுக்குவதுதான். மழைக்குப்பின் ஒரே வாரத்தில் செடிகள் அடையும் தெளிவை எந்த உரமும் தருவதில்லை என்பதைத் தோட்டம் வைத்திருப்போர் யாவரும் அறிவார்கள்.

கொடிகள் எல்லாம் ஒரே விதமாக ஏறுவதில்லை என்பதை அறியாமல் பந்தல் போடுவதால் பல தோட்டங்கள் அலங்கோலமாகின்றன. முல்லையும் சங்குபுஷ்பமும் தண்டையே சுற்றிக்கொண்டு ஏறுகின்றன; கிருஷ்ணகமலம் பற்றுக்கம்பியை நீட்டிப் பிடிக்கிறது; காகிதப்பூ முள்ளைக் கொக்கியாக மாட்டிக்கொண்டு பிற மரங்களின்மேல் சாய்கிறது; மணி பிளான்ட் கணுவேரால் சுவரில் ஒட்டுகிறது. உடல்நலம் குன்றி அறைக்குள் அடைபட்டிருந்த நாட்களில் சார்லஸ் டார்வின், தொட்டியில் வைத்திருந்த ஒரு ஹாப் கொடியின் நுனி ஆகாயத்தில் வட்டமிட்டுப் பற்றுக்கோடு தேடுவதை இரவும் பகலும் கவனித்து, ஒரு வட்டத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகிறதென்று கணக்கிட்டு, 1865-இல் ஏறுகொடிகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சியையே வெளியிட்டார். சுற்றி ஏறும் கொடிக்கு விரற்கடை கனமுள்ள மூங்கிலோ கயிறோ வேண்டும். பருத்த தூணை அது சுற்ற மாட்டாது. சாய்ந்தேறும் காகிதப்பூவை நாம்தான் இரும்புக் கிராதியில் கட்டிவிட வேண்டும். அந்த இரும்பைத் தென்மேற்குச் சுவரில் அமைத்தால் கோடையில் கம்பி காய்ந்து இளந்தண்டைச் சுட்டுவிடுமாகையால், அவ்விடத்துக்கு மூங்கிலோ தென்னங்கயிறோ ஏற்றது.

நாள்தோறும் பூக்கும் கொடி ஒன்று மட்டும் வைக்க இடமிருக்கிறதென்று கேட்போருக்கு நான் தயக்கமின்றிச் சொல்வது ரங்கூன் மல்லி. தெலுங்கர் ராதாமனோஹரம் என்றும் வடக்கத்தியர் மதுமாலதி என்றும் போற்றும் இந்தக் கொடியின் குலைகள் அந்தியில் வெண்மையாக மலர்ந்து, நீண்ட நாவுடைய அந்துப்பூச்சிகளை மணத்தால் அழைத்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, அதன் பின் செந்நிறம் பூண்டு பட்டாம்பூச்சிகளுக்கும் தேனீக்களுக்கும் விருந்தளிக்கின்றன. ஆகவே ஒரே குலையில் மூன்று வர்ணமும் ஒருங்கே காணப்படும். மாசியில் கவாத்து செய்தால் பங்குனி முதல் மழைக்காலம் முடியப் பூக்கும். ஆனால் அதன் வேகம் அபாரம். பக்கத்து வீட்டாரின் மாடியை அது கைப்பற்றுவதற்குள் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். மாசி பங்குனியில் நீலப் பூங்கொத்துகளைத் தொங்கவிடும் பெட்ரியா, பனிக்காலத்து இறுதியில் கிச்சிலி நிறத்தில் சுவரையே மூடிவிடும் பிரேசில் தேசத்துத் தங்கமழைக் கொடி ஆகியவையும் இங்கே நன்றாக வருகின்றன. பால்கனியிலிருந்து திரைபோல் கீழே தொங்குவதற்குப் பர்மா தேசத்து வெர்னோனியா கொடியைப் பலர் வளர்க்கிறார்கள்; அதன் பூ அற்பமேயாயினும், தொங்கும் பசுமை வெயிலை மறைக்கும். நம் தேசத்துக்கே உரிய குருக்கத்தியை, மாதவியென்று பிராசீன காவியங்கள் கொண்டாடிய அந்தக் கொடியை, நர்சரிகளில் கேட்பார் இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. வெண்ணிற இதழ்களுள் ஒன்றில் மட்டும் மஞ்சள் தீற்றிய அதன் பூவின் நறுமணமும், மூன்று சிறகுகளோடு காற்றில் சுழன்றுகொண்டே இறங்கும் அதன் காயின் நடனமும் ஒரு வீட்டுக் குழந்தைகளுக்குக் கிடைக்கவேண்டிய செல்வங்கள். பாறையும் வறட்சியும் அதற்குப் பழக்கமானவையே.

மாடியிலும் பால்கனியிலும் வளர்ப்போர் பாரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். நனைந்த மண் கனஅடி ஒன்றுக்கு ஏறக்குறைய 50 கிலோ எடையுள்ளது. ஆகையால் பெரிய தொட்டிகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்திரமோ உள்ள ஓரங்களில் வைத்து, மண்ணில் பாதியைத் தென்னை நார்த்தூளாகக் கலந்துகொள்வது நன்று. தொட்டியைத் தளத்தில் நேராக வைக்காமல் செங்கல்மேல் வைத்தால் நீர் வடியவும் ஒழுக்கிருந்தால் தெரியவும் ஏதுவாகும். அடித்தட்டில் நீரைத் தேங்கவிட்டால் டெங்குக் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டியவராவோம்.

அலங்காரச் செடிகளில் எதை வாங்குவது என்பதைத் தோட்டக்காரரின் ஆசையைவிட இடத்தின் வெயிலே தீர்மானிக்க வேண்டும். மேற்கு வெயிலை அடீனியமும் அரளியும் நன்றாகத் தாங்கும். கிழக்குப் பால்கனியின் இளவெயிலுக்குக் கனகாம்பரமும் குரோட்டனும் இட்லிப்பூவும் பொருந்தும். காற்றில் ஈரமில்லாத ஏப்ரல், மே மாதங்களில் அரிக்கா பனையின் இலை நுனிகள் கருகுவது இயற்கை. அதற்காக வேரில் மேன்மேலும் நீரூற்றுவது அதற்கு மரணத்தையே விளைவிக்கும். பச்சை நிழல்வலையின் கீழ் அந்த இரண்டு மாதங்களைக் கழிக்கச் செய்து, தொட்டிகளை ஒன்றோடொன்று நெருக்கி வைத்து, மண்ணின்மேல் காய்ந்த இலைகளைப் பரப்பிவிடுவதே போதுமானது. குழந்தைகள் உள்ள வீட்டில் அரளியையும் அடீனியத்தையும் செங்காந்தளையும் கைக்கெட்டாத இடத்தில் வைக்கவேண்டும். அவற்றின் பாலும் கிழங்கும் கொடிய நஞ்சு என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை.

நெக்லஸ் சாலையில் நடைபெறும் நர்சரி மேளாக்களிலும் நகரைச் சூழ்ந்த சாலையோர நர்சரிகளிலும் விற்பனையாகும் செடிகளில் பெரும்பாலானவை கோதாவரிக் கரையில் ராஜமகேந்திரவரத்துக்கு அருகிலுள்ள கடியம் வட்டாரத்திலிருந்து வருபவை. அங்குள்ள பசையான வண்டல் மண்ணை உருண்டையாகப் பிடித்து வேரைச் சுற்றி வைத்து அனுப்புகிறார்கள். வழிப்பயணத்தில் ஈரம் காக்க அது உதவுகிறது. ஆனால் அதை அப்படியே நம் செம்மண்ணில் புதைத்தால், வெயிலில் அந்த உருண்டை செங்கல்லாக இறுகி, நாம் ஊற்றும் நீர் அதற்குள் புகாமல் பக்கவாட்டில் ஓடிவிடுகிறது. நடுவதற்கு முன் உருண்டையை வாளி நீரில் அமிழ்த்தி, மண் இளகும்வரை காத்திருந்து, வெளிவேர்களை மெல்ல விடுவித்த பின்பே நடவேண்டும். இதை ஒரு மாலியிடம் சொன்னால் அவர் சிரத்தையாகச் செய்வார் என்று எண்ணி விட்டுவிடாமல், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது அவசியம்.

அலங்காரத்துக்காக எதையும் எங்கும் நட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு நகரத்துக்கு எத்தகைய இடரை விளைவிக்கும் என்பதற்குக் கோனோகார்ப்பஸ் ஓர் உதாரணம். சீக்கிரம் வளர்கிறது, எப்போதும் பச்சையாயிருக்கிறது, ஆடுமாடு கடிப்பதில்லை என்ற காரணங்களால் இந்த அன்னிய மரம் தெலங்கானாவில் 2015-இல் தொடங்கிய ஹரித ஹாரத் திட்டத்தின் காலத்தில் சாலை நடுவிலும் வீட்டு வேலியிலும் கணக்கின்றி நடப்பட்டது. அதன் மகரந்தம் சுவாச உபாதைகளை உண்டாக்குகிறதென்றும் வேர் நிலத்தடிக் குழாய்களைச் சிதைக்கிறதென்றும் முறையீடுகள் எழுந்தன. குஜராத் 2023-இலும் தமிழ்நாடு 2025-இலும் அதைத் தடை செய்துவிட்டன. 158 கிலோமீட்டர் நீளமுள்ள வெளிவட்டச் சாலையைப் பசுமையால் அலங்கரித்ததற்காக, 2022-இல் தென் கொரியாவின் ஜேஜுத் தீவில் உலகப் பசுமை நகரப் பரிசைப் பெற்ற ஊர் இது. அந்தப் பெருமைக்கு உகந்த விவேகம் வீட்டு வேலிகளிலும் வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

வேலிக்கு எதை வைப்பது என்று கேட்பவருக்கு இந்த மண்ணே விடை வைத்திருக்கிறது. மகாளய அமாவாசையன்று தொடங்கி ஒன்பது நாள் நடைபெறும் பதுக்கம்மாப் பண்டிகையில், தெலங்கானாப் பெண்கள் தாம்பாளத்தில் கோபுரமாகப் பூக்களை அடுக்கி, அதை நடுவில் வைத்துச் சுற்றிவந்து பாடி, இறுதியில் நீர்நிலையில் விடுகிறார்கள். அந்தக் கோபுரத்தில் முதலிடம் பெற்ற பூ தங்கேடு. அதாவது நம் ஆவாரை. தெலங்கானாவின் மாநில மலரும் அதுவே. அதனோடு நாம் கீரையாகவே அறிந்துள்ள பண்ணையின் வெண்கதிர்களும், செண்டுமல்லியும், பூசணிப்பூவும் சேர்கின்றன. நகரம் பெருகப் பெருகத் தரிசு நிலங்கள் மறைந்து, காட்டுப் பூக்களாகிய தங்கேடும் பண்ணையும் இன்று தொலைவிலுள்ள கிராமங்களிலிருந்து மூட்டை கட்டி வந்து சந்தையில் விலைக்கு விற்கப்படுகின்றன. ஆள் உயரத்துக்கு அடங்கி வளர்ந்து, பொன்னிறமாகப் பூத்து, மொரத்திலும் சுண்ணாம்பு நீரிலும் சளைக்காமல் நிற்கும் ஆவாரைப் புதர் நம் வேலியில் நிற்கத்தக்கது. சாலையோரத் தரிசில் பழுப்பாகக் காய்ந்து தொங்கும் தட்டையான நெற்றுகளைக் கோடையில் பறித்து வந்து, விதையின் தோல் கடினமாகையால் வெந்நீரில் இட்டு ஓரிரவு ஊறவைத்து, ஜூன் மாதத்து முதல் மழை நின்ற மறுநாள், இரண்டடிக்கு ஒன்றாக வேலி நெடுகிலும் நேராகவே ஊன்றிவிடலாம். ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடியாகையால் பையில் வளர்த்துப் பெயர்த்து நடுவதைக் காட்டிலும் இதுவே நன்று. முதற் கோடையில் மட்டும் வாரம் ஒருமுறை நீர் விட்டால் போதும்.